பில்லில் மில்லிமீட்டரையும் கிலோவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு கேட் சரியாக மூடவில்லை, தகரக் கொட்டகை ஒரே காற்றில் ஆடுகிறது, பட்டறைக்காரர்கள் முன்போல வேலை செய்வதில்லை என்றெல்லாம் உங்கள் வாசகர் பகுதியில் கடிதங்கள் வருகின்றன. அந்தப் பழியைப் போடும் இடம் தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெல்டிங் ராடைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இரும்புக்கடையில் பைப்பை இறக்கி வண்டியில் ஏற்றும்போதே பாதிக் கோளாறு வந்துவிடுகிறது. வாங்குகிறவருக்கு அது தெரிவதில்லை. விற்கிறவர் அதைச் சொல்வதில்லை. வெயிலில் உட்கார்ந்து வெல்டிங் அடிக்கிறவர் கடைசியில் திட்டு வாங்குகிறார்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது வெள்ளகோவில் பக்கம் சொந்த ஊரில், தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். அண்ணன் மகன் ஊருக்குள் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய இரும்புச் சாமான்களை அவனும் நானும் சேர்ந்துதான் செய்கிறோம். கட்டுத்தரைக்குத் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைக்கிற ஸ்டாண்ட், ஆட்டுப்பட்டிக்குப் படல் (வேலித் தட்டி) என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். கம்பெனியில் ஷாஃப்டில் பேரிங் உட்காருகிற இடத்தை மைக்ரான் கணக்கில் அளந்தோம். ஸ்கொயர் பைப்பில் அந்த அளவுத் துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் சொல்கிற அளவும் கையில் வருகிற அளவும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வரம்பு புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. சதுர, செவ்வகப் பைப்புகளுக்கு ஐ.எஸ். 4923 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. வெளி அளவில் ஒரு சதவீதம் கூடலாம், குறையலாம். சின்ன அளவுகளில் அது அரை மில்லிமீட்டர் வரை போகலாம். தடிமன் பத்து சதவீதம் வரை குறையலாம். அதாவது பக்கம் 40-க்கு 40, தடிமன் 2 எம்.எம். என்று வாங்கினால் ஒரு பைப் 39.5 ஆகவும் இன்னொன்று 40.5 ஆகவும் இருக்கலாம், தடிமன் 1.8 வரை இறங்கலாம். இதெல்லாம் சட்டப்படி சரியான பைப். பைப் தயாரிக்கிற மில்லைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1.6-ஐக் கொடுத்து 2 என்று சொன்னால் அது வேறு விஷயம். அப்படிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

போன வருடம் கட்டுத்தரைக்குப் பைப் எடுக்கப் போயிருந்தோம். எந்த ஊர்க் கடை என்று சொல்ல வேண்டாம், ஒரு கடைக்காரரை மட்டும் நிறுத்தி வைத்துப் பேசுவது நியாயம் இல்லை. "பதினாலு கேஜுங்க்கா, முழு ரெண்டு எம்.எம்.மு" என்றார். கேஜ் என்பது தகட்டின் தடிமனுக்குக் கடைகளில் சொல்கிற எண். தடிமன் அளக்கிற கருவியான வெர்னியரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதை வைத்தேன். 1.62 காட்டியது. அவரிடமே காட்டினேன். "எல்லா ஊர்லயும் இதுதானுங்க்கா ரெண்டு எம்.எம்.மு. லோடு வர்றப்பவே இப்பிடித்தான் வருது" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, ஏமாற்றுகிற குரலும் இல்லை. அவர் வாங்குகிற இடத்திலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேஜ் கணக்கில் பார்த்தால் 14 கேஜ் என்பது 2.03 மில்லிமீட்டர், 16 கேஜ் என்பது 1.63. அவர் கையில் இருந்தது அசல் 16 கேஜ். எண் கூடக் கூடத் தகடு மெலிசாகும் என்பதே வாங்க வருகிற பாதிப் பேருக்குத் தெரியாது. பதினாலை விடப் பதினாறு கெட்டி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

0.4 மில்லிமீட்டர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். 40 எம்.எம். சதுரப் பைப்பில் 2-க்குப் பதில் 1.6 வந்தால், வளையாமல் தாங்குகிற விறைப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கயம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். தகரக் கொட்டகைக்கு அந்தக் காற்று பக்கவாட்டில் மட்டும் அல்ல, அடியில் புகுந்து மேலே தூக்கவும் செய்யும். கால் எத்தனை அடிக்கு ஒன்று, குறுக்குச் சட்டம் எத்தனை என்பதெல்லாம் 2 எம்.எம். என்று நம்பிப் போட்ட கணக்கு. பைப் மெலிந்தால் அந்தக் கணக்கே பொய்.

கட்டுத்தரையில் இன்னொரு சங்கடம் உண்டு. மாட்டு மூத்திரமும் சாணியும் படுகிற அடிப்பகுதியில் துரு வெளியிலிருந்தும் தின்னும், தண்ணீர் உள்ளே இறங்கினால் உள்ளிருந்தும் தின்னும். பெயின்ட் வெளியே மட்டும்தான். தடிமனில் கூடுதலாக இருக்கிற அந்தக் கொஞ்சம்தான் துருவுக்கு விட்டுவைத்திருக்கிற பங்கு. அதைக் கடையிலேயே கழித்துவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் அடியில் விரல் நுழைகிற ஓட்டை வரும்.

வெல்டிங்கிலும் இது இடிக்கும். 2 எம்.எம். என்று சொல்லிக் கொடுத்த பைப்புக்கு, பட்டறையில் 10 கேஜ் ராடைப் போட்டு, அதாவது 3.15 எம்.எம். ராடு, அதற்குத் தக்க ஆம்பியர் வைத்து அடிப்பார்கள். கையில் இருப்பது 1.6 என்றால், அதிலும் சிலது 1.4 கூட வருகிறது, ராடு வைத்ததும் பொத்துக்கொள்ளும். பொத்ததை அடைக்கத் திரும்ப அடிப்பார்கள். சூடு கூடும், சட்டம் இழுத்துக்கொள்ளும், மூலைமட்டம் போகும். அப்புறம் கேட் மூடவில்லை என்று உங்களுக்குக் கடிதம் வரும். அந்தப் பைப்புக்கு 12 கேஜ் ராடு, 2.5 எம்.எம்., குறைந்த ஆம்பியர் வைத்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும். தடிமன் இன்னது என்று உண்மையைச் சொன்னால்தானே அவரால் அப்படி அடிக்க முடியும்?

சரி, கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெர்னியர் இருந்தால் நல்லது, ஆனால் எல்லோருக்கும் அதைப் பிடிக்கிற பழக்கம் இருக்காது. பிடித்தாலும் தப்பாகப் பிடிக்க வழி இருக்கிறது. பைப்பை அறுத்த முனையில் பிசிறு இருக்கும். அதன் மேல் வெர்னியரை வைத்தால் 1.6 பைப் 2 என்று காட்டும். பிசிறை அரத்தால் ராவிவிட்டு வைக்க வேண்டும். மூலையில் வைக்கக் கூடாது, பக்கத்தின் நடுவில் வைக்க வேண்டும். உள்ளே தகட்டைச் சேர்த்த ஜாயின்ட் ஓடுகிற பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெயின்ட், துரு எல்லாம் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும், அதைச் சுரண்டிவிடுங்கள். உருண்டைப் பைப்பாக இருந்தால் வெர்னியரின் தட்டையான வாய் உள்வளைவில் சரியாக உட்காராது. தடிமன் கூடவே காட்டும். வாயின் மெல்லிய நுனியை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி தராசு. இரும்பின் அடர்த்தி மாறாது. ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ. அதனால் எடை பொய் சொல்லாது. சதுரப் பைப்புக்குக் கணக்கு இது: பக்க அளவில் தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, அதை 0.0314-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். மூலை வளைவாக இருப்பதால் அதிலிருந்து மூன்று முதல் ஆறு சதவீதம் வரை குறையும், சின்னப் பைப்பில் கொஞ்சம் அதிகமாகவே குறையும். அப்படிப் பார்த்தால் 40-க்கு 40, 2 எம்.எம். பைப் 6 மீட்டர் நீளம் ஏறக்குறைய 13.8 கிலோ இருக்கும். தரநிலை விடுகிற கடைசி எல்லையான 1.8 என்றால் 12.6. பதினொன்றே கால் கிலோ காட்டினால் அது 1.6. 25-க்கு 25 பைப்பில் 2 எம்.எம். என்றால் 8.2 கிலோ பக்கம் இருக்க வேண்டும். உருண்டைப் பைப்புக்கு வெளி விட்டத்தில் தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்க வேண்டும். போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

நீளத்தையும் ஒரு தடவை டேப் பிடித்துப் பாருங்கள். இருபது அடி என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வருவது 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். இருபது அடியை நம்பி ஐந்து அடியில் நான்கு கால் போட்டால் கடைசிக் கால் நான்கு அங்குலம் குட்டையாக வரும். கட்டிங் வீல் தின்கிற மூன்று மில்லிமீட்டரும் ஒவ்வொரு வெட்டிலும் போகும்.

கிலோக் கணக்கில் வாங்குகிறவருக்குப் பணம் நஷ்டமில்லை, அது உண்மை. பைப் மெலிசாக இருந்தால் எடையும் குறைவு, விலையும் குறைவு. பலத்தில்தான் அவர் இழக்கிறார். லெங்த் கணக்கில், ஒரு பைப் இவ்வளவு ரூபாய் என்று வாங்குகிறவர் இரண்டிலும் இழக்கிறார். வீட்டுக்கு நாலு பைப் எடுக்கப் போகிற சாதாரண ஆளுக்குக் கடைகளில் லெங்த் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பெரிய லோடு எடுக்கிறவர்களை அப்படி ஏய்க்க முடியாது, அவர்கள் எடைமேடைச் சீட்டு இல்லாமல் இறக்க மாட்டார்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களும் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டுகிறவர்களும் தடிமனைக் கேட்டு, அளந்து, எடை போட்டு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வாங்குகிற நமக்கும் அந்த உரிமை உண்டு.

இப்போது, பைப் ஒழுங்கான பைப்பாகவே வந்தாலும் வருகிற சிக்கலுக்கு வருகிறேன். வீட்டில் சொந்தமாக வெல்டிங் மெஷின் வாங்கி வேலை செய்கிற இளம்பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், மேய்கிற ஆடுகளை ராத்திரி பட்டியில் அடைப்போம். பட்டி ஒரே இடத்தில் இருக்காது. காட்டில் எருவு பரவ வேண்டும் என்று இடம் மாற்றி மாற்றிப் போடுவோம். அதற்குப் படல்கள் வேண்டும். முன்பு மூங்கிலிலும் மிளாறிலும் கட்டினார்கள். இப்போது பலரும் பைப்பில் செய்கிறார்கள். ஒரு படலின் ஓரத்தில் பைப் துண்டு, அடுத்த படலில் அதற்குள் இறங்குகிற முளை. எந்தப் படலை எந்தப் படலோடு வைத்தாலும் சேர வேண்டும், இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேர் தூக்கி மாட்டிவிட வேண்டும். சொல்வதற்குச் சின்ன வேலை. அளவுக் கணக்கில் இதை விடக் கடுமையான வேலை வீட்டில் வேறு எதுவும் கிடையாது என்று நினைக்கிறேன்.

அண்ணன் மகனும் மற்றவர்களைப் போலத்தான் முதலில் யோசித்தான். "அத்தை, ஒரு இஞ்ச் பைப்புக்குள்ள முக்கால் இஞ்ச் பைப் கச்சிதமா இறங்கும், அதையே முளையா வெச்சிரலாம்" என்றான். கணக்கில் இறங்கும். தண்ணீர்ப் பைப்புக்கான ஐ.எஸ். 1239-படி, ஒரு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.7. நீலப் பட்டை போட்ட பி கிளாஸில் தடிமன் 3.2. இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 27.3. முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 26.9. மீதி 0.4 மில்லிமீட்டர். காகிதத்தில் அருமையான பொருத்தம். பைப்பில் அப்படி வராது. அந்த 33.7-ம் 26.9-ம் ஒவ்வொரு துண்டிலும் மேலும் கீழும் போகும். அதோடு, இந்தப் பைப்புகளை நீளத் தகட்டை உருட்டி, ஓரங்களைக் கரண்ட் சூட்டில் சேர்த்துத்தான் செய்கிறார்கள். சேர்ந்த இடத்தில் பிதுங்கி வருகிற இரும்பை வெளிப்பக்கம் மில்லிலேயே சீவி எடுத்துவிடுவார்கள். உள்பக்கம் அப்படியே இருக்கும். பைப்பின் வாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வயல் வரப்பு மாதிரி முழு நீளத்துக்கும் ஒரு கோடு ஓடும். அரை மில்லிமீட்டர், சிலதில் அதற்கும் மேல். நாம் வைத்த 0.4 இடைவெளியை அது ஒன்றே விழுங்கிவிடும்.

சம்மட்டியால் தட்டினால் ஒரு தடவை இறங்கும், பிறகு வெளியே வராது. மழை பட்டுத் துரு ஏறினால் சுத்தமாகக் கட்டிக்கொள்ளும். அதனால் உருண்டையோ சதுரமோ, கடைப் பைப்புக்குள் கடைப் பைப் கச்சிதமாக ஓடும் என்று எண்ணி எதையும் திட்டம் போடாதீர்கள். சதுரத்தில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு: வெளிப் பைப்பின் உள்மூலை வளைவாக இருக்கும், உள்பைப்பின் மூலை அதில் முதலில் போய் முட்டும். கட்டில் கால், உயரம் மாற்றுகிற மேஜை, இழுக்கிற ஏணி என்று உண்மையிலேயே ஓட வேண்டிய சாமான் என்றால் இழுத்துத் தயாரித்த சி.டி.டபிள்யூ. டியூபைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடத்தான். இல்லையென்றால் தாராளமாக இடம் விட்டு, நடுவில் நைலான் துண்டு வைத்து, வெளியிலிருந்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

படலுக்கு நாங்கள் செய்தது இதுதான். முக்கால் இஞ்ச் பி கிளாஸ் பைப்பைத் துண்டு போட்டு, முளை இறங்குகிற கூடாக வைத்தோம், உள்ளே 21.7 வரும். முளைக்கு 16 எம்.எம். பிளெயின் ராடு. ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல் இடம். பார்க்கிறவர்கள் தொளதொளவென்று இருக்கிறதே என்கிறார்கள். அது தெரிந்து விட்ட இடம். கொறங்காட்டு மண் சமதரை கிடையாது, ஒரு படல் மேடேறும், அடுத்தது பள்ளத்தில் இறங்கும். கச்சிதமாக இருந்தால் அந்தச் சாய்வுக்கு மாட்டவே முடியாது. முளையின் நுனியைக் கிரைண்டரில் கூர் தட்டிவிட்டால் இருட்டில்கூட வாய் தேட வேண்டியதில்லை.

எங்கே துல்லியம் வேண்டுமோ அங்கே விடவில்லை. மேல் கூட்டுக்கும் கீழ்க் கூட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எல்லாப் படலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு டேப்பை நம்பக் கூடாது. தடித்த ஆங்கிளில் ஒரு ஜிக், அதாவது துண்டுகளை ஒரே அளவில் அசையாமல் பிடித்துவைக்கிற அச்சுச் சட்டம், செய்து, அதில் இரண்டு முளையை நிறுத்தி, கூடுகளை அந்த முளையில் மாட்டி, அதன் பிறகு சட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்துப் பொட்டு வைக்க (அங்கங்கே சின்னதாக வெல்டிங் அடித்து நிறுத்த) வேண்டும். சட்டத்துப் பைப் அரை மில்லிமீட்டர் கூடட்டும், குறையட்டும், அந்த வித்தியாசம் பொட்டு வைக்கிற இடைவெளியில் அடங்கிவிடும். கூடு மட்டும் நகராது. ஆறிய பிறகுதான் ஜிக்கிலிருந்து எடுக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் இழுத்துக்கொள்ளும்.

கேட்டுக்கும் இதே யோசனைதான். கம்பிக்குக் கம்பி இடைவெளிக் கட்டை வைத்துக்கொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகும். ஒரு இஞ்ச் என்றால் 25.4, 25 என்றால் 25. கடையில் இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து ஒரு இஞ்ச் என்றே கொடுப்பார்கள். இருபது கம்பி வருகிற கேட்டில் இந்த 0.4 மட்டுமே 8 மில்லிமீட்டர் ஆகிவிடும், கடைசிக் கம்பிக்கு இடம் இருக்காது. எல்லாக் கம்பிக்கும் ஒரே முனையிலிருந்து அளந்து, கம்பியின் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நீளத் துண்டுகளையெல்லாம் தடுப்பு வைத்து ஒரே மூச்சில் அறுக்க வேண்டும். பைப்பை ஒரே கட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மில்லில், ஒரே ஓட்டத்தில் வந்த பைப்புகள் தங்களுக்குள் அவ்வளவாக வித்தியாசப்படாது. வேறு வேறு கட்டு என்றால் ஒன்று 39.6, இன்னொன்று 40.3 என்று வரும். அதை 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் மூலையில் படி தெரியும். முன்பக்க முகத்தைச் சமமாக வைத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பின்பக்கம் தள்ளுங்கள். நான்கு மூலைக்கும் பொட்டு வைத்துவிட்டு, முழுசாக அடிப்பதற்கு முன் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். சின்ன மூலைமட்டத்தை மட்டும் நம்பிப் பெரிய கேட்டை அடிக்கக் கூடாது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மில்லிமீட்டர் நீளும். நம் ஊர் சித்திரை மதியத்துக்கும் மார்கழி விடிகாலைக்கும் இரும்புச் சட்டத்தின் சூட்டில் முப்பது டிகிரி வித்தியாசம் லேசாக வரும். ஆறு மீட்டர் தள்ளு கேட்டில் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். காலையில் பூட்டுகிற தாழ்ப்பாள் மதியம் பூட்டவில்லை என்றால் கொண்டியின் ஓட்டையை நீளவாட்டில் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டியதில்லை. பேரிங் மாட்டுகிற வேலை எதற்கும் கடைப் பைப்பை நம்பவே வேண்டாம். 6204 பேரிங்கின் வெளி விட்டம் 47, அதற்குச் சரியாக எந்தப் பைப்பும் வராது. லேத்தில் புஷ் கடைந்துகொள்ளுங்கள்.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பில்லில் "ஸ்கொயர் பைப் 14 கேஜ்" என்று எழுதாதீர்கள். பக்க அளவு எத்தனை மில்லிமீட்டர், தடிமன் எத்தனை, நீளம் எத்தனை, மொத்தம் எத்தனை கிலோ, எந்த ஐ.எஸ். எண் என்று எழுதுங்கள். 2009-ஆம் வருடத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அலகில்தான் விலை சொல்ல வேண்டும், பில் போட வேண்டும் என்கிறது. இது நான் கேட்கிற சலுகை அல்ல. 1.6 எம்.எம். பைப் மோசமான சரக்கு என்று நான் எங்கும் சொல்லவில்லை. எங்கள் படலுக்கு நாங்கள் எடுத்ததே 1.6-தான், தூக்கி மாற்றுகிற சாமானுக்கு அந்த எடைதான் தோது. அதை 1.6 என்றே சொல்லி, 1.6-க்கு உள்ள விலையை வாங்குங்கள். உண்மையைச் சொல்கிற கடையைத் தேடி வர இந்த ஊரில் ஆள் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் பைப்பின் மேல் அச்சிட்டிருக்கிற எழுத்தைப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். எண், சி.எம்./எல். என்று தொடங்குகிற உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மில், எந்தத் தயாரிப்புக்கு உரிமம் என்று வந்துவிடும். ஒன்றுமே அச்சிடாத மொட்டைப் பைப்பை வீட்டுக் கூரைக்குப் போடாதீர்கள். பட்டறைக்காரரே பைப் வாங்கி வேலையை முடித்துக் கொடுக்கிற ஒப்பந்தம் என்றால், சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாமல், தடிமனையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரருக்கு அதில் சந்தோஷம்தான். ஒழுங்கான பைப்புக்குத் தக்க விலை கேட்க அவருக்கும் அது கைகொடுக்கும். இப்போது மெலிந்த பைப்பைப் போட்டு விலையைக் குறைத்துச் சொல்கிறவரோடு அவர் போட்டி போட வேண்டியிருக்கிறது.

அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். எடையளவு ஆய்வு தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. காய்கறிக் கடைத் தராசையும் பெட்ரோல் பங்க்கையும் சோதிக்கிற ஆய்வாளர்கள், இரும்புக்கடைகளிலும் ஒரு பைப்பை எடுத்துத் தராசில் போட்டுப் பார்க்கட்டும். கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு லெங்த் பைப் வைக்கிற மாதிரித் தராசு இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் இன்னும் நல்லது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் வீடு கட்டுவது பற்றி வாரந்தோறும் பக்கம் வருகிறது. சிமென்ட்டும் டைல்ஸும் அதில் நிறைய வருகின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு வாரம், வீட்டு வேலைக்கு அதிகம் வாங்குகிற 20, 25, 40, 50 எம்.எம். சதுரப் பைப்புகளுக்கும் அரை இஞ்சிலிருந்து இரண்டு இஞ்ச் வரையுள்ள உருண்டைப் பைப்புகளுக்கும், எந்தத் தடிமனுக்கு 6 மீட்டர் எவ்வளவு எடை என்று ஒரு அட்டவணை போடுங்கள். கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிற அளவில் இருந்தால் நல்லது. தரநிலைப் புத்தகத்திலிருந்து சரிபார்த்துப் போட வேண்டும். கோவையில் இன்ஜினியரிங் கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வெள்ளகோவில், திருப்பூர் மாவட்டம்.